கண்ணைத் திறந்த ஓடெல்

மூன்றாவது உருப்படியும் ஓடெல் சூடு பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. சிகாகோ தெற்குப் பக்கத்து மதுக்கடையே எழுந்து நின்று கைதட்டியது. ஓடெலுக்குத்தான் வயிறு எரிந்தது.

முன்பெல்லாம் ஒரே உருப்படி அரைமணி நேரம் ஓடும். அதில் பாதி ஓடெலின் சாக்ஸபோன். எழுதிவைத்து வாசிக்கிற கோஷ்டி இல்லை. பியானோ வெர்னா நிமிர்ந்து பார்ப்பாள், ட்ரம்ஸ் கிளீவன் ஓங்கி ஒரு போடு போட்டு முடிப்பான், அப்போதுதான் ஓடெல் கண்ணையே திறப்பான்.

போன மாதம் மீன் கடையில், சாக்ஸபோன் பெட்டியோடு வந்த ஓர் இளைஞனிடம் வெர்னா சிரித்துச் சிரித்துப் பேசியதை அவன் பார்த்துவிட்டான். அவ்வளவுதான், தூக்கம் போயிற்று. 'என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறாள்!'

அன்றிலிருந்து வெர்னாவின் மேல் ஒரு கண் வைத்தபடியே வாசித்தான். உருப்படி பாதியாகக் குறைந்தது. கிளீவனும் உடந்தையோ என்று மறுவாரம் இருவரையும் மாறிமாறி முறைத்தான். அதிலும் பாதியானது. இன்றைக்கு, இருவர் முகமும் நேராகத் தெரியட்டும் என்று கூட்டத்துக்கு முதுகைக் காட்டியே நின்றான். பீர் நுரை அடங்குவதற்குள் எல்லாம் முடிந்தது. போதாததற்கு அந்தப் பெட்டிக்காரன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன வெர்னா, என் வாய அடைக்கிறீங்களா?"

"நச்சுன்னு நாலே மூச்சு, ஜனம் எந்திரிச்சு நிக்குது. இதுதான இப்ப நம்ம பாணி? உனக்குத் தெரியாததா?"

"குத்திக் காட்டாத! நான் வாசிக்கணும். அது இல்லாட்டி நான் எதுக்கு?"

"இவனுக்கு என்னாச்சு?" என்றான் கிளீவன்.

ஓடெல் விறுவிறுவென்று பாரில், மது ஊற்றும் டாட் முன்னால் போய் உட்கார்ந்தான். "டாட் அக்கா, ஒரு விஸ்கி. நான் விலகறேன். அந்தப் பய எடத்தப் புடிச்சிட்டான்."

"அவனா? உன்கிட்ட பாடம் கேக்கணும்னு வெர்னாவ நச்சரிக்கிறான். இவ்வளவு சின்னதா எப்படி முடிக்கிறீங்கன்னு அவனுக்கு ஆச்சரியம்."

"அவகிட்டயே கேக்கச் சொல்லு. முடிக்கிறது அவதான்."

டாட் கோப்பையைத் துடைத்துக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏம்பா, யாராவது நிமிந்து மத்தவங்க மூஞ்சியப் பாத்தா முடிச்சிக்கணும்னுதான உங்க கோஷ்டியில சைகை? ஒரு மாசமா, ஆரம்பிச்சதும் பாக்கிறவன் நீதானே!"