விடியுமுன் வந்த முட்டைகள்

எண்பது பேர் நசுங்கி நிற்கும் பஸ்ஸில், "உள்ள போ, உள்ள போ" என்று ஒரே அதட்டலில் இன்னும் பத்துப் பேருக்கு இடம் பண்ணிவிடுவார் கண்டக்டர். அப்பேர்ப்பட்டவருக்கு வீட்டில் மரியாதை கொடுக்கிற ஜீவன்கள் மூன்றே மூன்று. மூன்றும் கோழிகள். டியூட்டி முடிந்து அவர் கொல்லைக் கதவைத் திறந்தால் போதும், இறக்கையை அடித்துக்கொண்டு ஓடிவரும். மனைவி அப்படி ஓடிவந்து எத்தனையோ வருஷமாகிறது.

அந்தக் கோழிகள்தான் திடீரென்று முட்டை போடுவதை நிறுத்திக்கொண்டன.

"ஏங்க, தீனி மட்டும் மூட்டை மூட்டையா உள்ள போகுது. முட்டை எங்க?"

"வரும்மா. ஏதோ மனக்கஷ்டம் போல."

"கோழிக்கு என்னங்க மனக்கஷ்டம்? அதுங்க என்ன உங்களையா கட்டிக்கிட்டு அழுவுதுங்க?"

கண்டக்டர் தீனிச் சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நழுவப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். இல்லைன்னா எங்கண்ணன் வந்து மூணையும் தூக்கிட்டுப் போயிடுவாரு."

மச்சானுக்குக் கோழி வளர்க்கத் தெரியாது. சாப்பிடத்தான் தெரியும்.

நேரே தீவனக் கடைக்காரரிடம் ஓடினார்.

"இறகு கொட்டுதா?" என்றார் கடைக்காரர்.

"கொல்லை பூரா தலகாணி பிஞ்ச மாதிரி கிடக்கு."

"அப்ப ஒண்ணும் பயமில்ல. பழைய இறகு விழுந்து புதுசு முளைக்கிற வரைக்கும் முட்டை நின்னுடும். தின்கிற சத்தெல்லாம் இறகுக்கே போயிடும். பொறுமையா இருங்க."

"நான் இருப்பேங்க. என் மச்சான் இருக்கமாட்டான்."

மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கண்டக்டர் ஒரு காரியம் செய்தார். தெருக்கோடியில் விடியுமுன்பே திறக்கும் கடையில் மூன்று முட்டை வாங்கினார். கோழிகள் முட்டையிடும் வைக்கோல் கூடையில் நைசாக வைத்தார். பெரிய கோழி அவர் கையை ஒரு கொத்துக் கொத்தியது. "உன் உசுரைக் காப்பாத்தத்தான்டி வந்திருக்கேன்" என்று அதன் காதில் கிசுகிசுத்தார். உதிர்ந்து கிடந்த இறகு ஒன்றைப் பசை தடவி ஒரு முட்டையில் ஒட்டியும் வைத்தார். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

பிறகு மனைவியை எழுப்பிக் கூட்டி வந்தார்.

"அட, மூணு முட்டை!" என்றாள் மனைவி. "ஆனா ஜில்லுன்னு இருக்கே?"

"விடியக்காலைப் பனிம்மா."

"கழுவின மாதிரி பளபளன்னு வேற இருக்கு."

"என் வளர்ப்பு அப்படி."

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். "இப்ப வரவேண்டாம்ண்ணே. அவரு கோழிங்க போட ஆரம்பிச்சிடுச்சு."

கண்டக்டர் அன்று பஸ்ஸில் டிக்கெட் கிழித்த வேகத்தைப் பார்த்து டிரைவரே மிரண்டார்.

கடைக்குப் போகச் சொன்னாலே முழங்கால் வலி வந்துவிடுகிற மனுஷர் அதன்பின் தினமும் இருட்டில் கடைக்கு ஓடினார். ஒருநாள் அசதியில் தூங்கிப்போய்க் கூடை காலியாக இருந்தது. "அண்ணனுக்குப் போன் போடவா?" என்றாள் மனைவி. மறுநாள் ஜுரத்தோடு எழுந்து ஓடினார். கோழிகளுக்கோ புது இறகு முளைத்துப் பளபளத்தது. இவர்தான் இளைத்துக்கொண்டே போனார்.

ஒரு நாள் மதியம் டியூட்டி முடிந்து வந்தபோது சமையலறை மேடையில் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் காலையில் அவர் வைத்த மூன்று முட்டை. இன்னொன்றிலும் மூன்று.

"ஏங்க, மூணு கோழி, ஒரே நாள்ல ஆறு முட்டை. எப்படிங்க?"

"அது... ஓவர்டைம்."

"ஓவர்டைமா?"

"விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்துப் போடுது போல."

அவள் இரண்டாவது கிண்ணத்திலிருந்து ஒரு முட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"நம்ம கோழிங்க என்னைக்குமே வெயில் ஏறினப்புறம்தாங்க போடும். நீங்க முதல் பஸ்ஸுக்குப் போறவரு. வந்து பாத்தா முட்டை கிண்ணத்துல இருக்கும். ராத்திரியே போட்டுடுதுன்னு நெனச்சுட்டீங்க."

"அப்ப... உனக்கு முதல் நாளே தெரியுமா?"

"இறகைப் பசை போட்டு ஒட்டுற கோழியை நான் எங்க பாத்திருக்கேன்?"

"கோழிங்களை அனுப்பிடுவியா?" என்றார் அவர்.

"அனுப்புறதா? எத்தனை வருஷம் கெஞ்சியும் கடைப் பக்கம் போகாத மனுஷனை தினமும் போகவெச்ச மகராசிங்களை நான் அனுப்புவேனா?"

அவள் கொல்லைக் கதவைத் திறந்தாள். கோழிகள் இறக்கையை அடித்துக்கொண்டு ஓடிவந்தன, அவளிடம்.

"முட்டையை இனிமே நீங்களே பாத்துக்கங்கடி," என்றாள் அவற்றிடம். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்க நாளையிலேருந்து வெங்காயம், தக்காளி. கூடையில எல்லாம் ஒளிச்சு வைக்க வேணாம், நேரா சமையல்கட்டுலயே வெச்சிடுங்க."