மாலை போட்ட சர்வர்

பெண் வீட்டாரிடம் தன் உத்தியோகத்தை உள்ளது உள்ளபடி சொன்ன ஆண்மகன் எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்தில் இதுவரை பிறக்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாவலூரில் ஒரு சின்ன கம்பெனியின் சர்வர் அறையில் மெஷின்கள் நிற்காமல் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அச்சரப்பாக்கத்தில் உரக்கடை வைத்திருந்த ஏகாம்பரத்தின் மகள் சுமதியைப் பெண் பார்க்கப் போன இடத்தில், "ஒரு டிபார்ட்மெண்டே என் கையில்தான் சார் இருக்கு" என்று அளந்துவிட்டேன். (அந்த டிபார்ட்மெண்டில் நான் ஒருத்தன்தான். ஆகவே அது பொய்யும் அல்ல.)

"அப்ப ஆபீஸ ஒரு தபா பாத்துடலாமா தம்பி?" என்றார் ஏகாம்பரம்.

அவருக்கு இருந்த கவலை நியாயமானது. நான் அப்போது தற்காலிகம். அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேனேஜர் முடிவு செய்ய வேண்டும். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று ஏகாம்பரமும் கறாராகச் சொல்லியிருந்தார். எனக்கோ சுமதியைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஆயுதபூஜைக்கு ஆபீஸில் குடும்பத்தினரை அழைப்பது வழக்கம். அந்தச் சாக்கில் அப்பா, மகள் இருவரையும் வரச் சொன்னேன். வருங்கால மாமனார் அசந்துபோகட்டும் என்று இருப்பதிலேயே பெரிய சர்வரைத் தேர்ந்தெடுத்து அலங்காரத்தில் இறங்கினேன். சர்வரின் முகம் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள் இருக்கும். அதன் வழியாகத்தான் அது ஏசியின் குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்து, சூடான காற்றைப் பின்பக்கம் தள்ளும். இது எனக்குத் தெரியும். பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த ஓட்டைகளைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியதெல்லாம், சந்தனம் நன்றாகப் பிடிக்கும் என்பதுதான்.

குழைத்து அப்பினேன். மேலே விபூதிப்பட்டை, உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். அதற்கும் மேலே திருப்போரூரில் கட்டி வாங்கிய சாமந்தி மாலை. (தேருக்குப் போடுகிற அளவு. பூக்காரம்மா "எந்தக் கோயிலுக்குப்பா?" என்று கேட்டார்.) கற்பூரம் காட்டி முடிந்ததும் மேனேஜர், "கஸ்டமர் வேலை மொத்தமும் அதுலதான் ஓடுது. நின்னுச்சுன்னா நீ லீவு முடிஞ்சு வரவே வேணாம்" என்று வாழ்த்திவிட்டு ஊருக்குக் கிளம்பினார்.

ஏகாம்பரமும் சுமதியும் உள்ளே வந்த நேரத்தில் சர்வர் லேசாக இரையத் தொடங்கியது. பிறகு ஊளையிட்டது.

"இன்னா தம்பி, சாமி வந்த மாதிரி கத்திகினு கீது?"

"பூஜை போட்டதும் வேகம் எடுத்திருக்கு மாமா" என்றேன். (மாமா என்று கூப்பிட இன்னும் அனுமதி கிடைத்திருக்கவில்லை.)

திரையைப் பார்த்தேன். சூட்டைக் காட்டும் கோடு கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தது. ஏசிதான் சரியில்லை என்று முடிவுகட்டி, அதன் குளிரை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினேன். சுமதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஏகாம்பரம் கர்ச்சீப்பைக் காதில் கட்டிக்கொண்டார். அறையில் சூடாக இருந்தது சர்வர் மட்டும்தான். அதன் பின்னால் கை வைத்தால் இட்லிப்பானை மூடியைத் திறந்ததுபோல் அனல் அடித்தது.

"பக்கத்துல இருக்குறது ஏங்க சத்தம் போடல?" என்றாள் சுமதி.

பக்கத்து சர்வருக்கு வெறும் பொட்டு மட்டும்தான். அதன் முன்னால் எரிந்த ஊதுவத்தியின் புகை வளைந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. பெரிய சர்வரின் முன்னால் இருந்த புகையோ நேராகக் கூரையைப் பார்க்க ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. என் பக்தியால் அதற்கு மூச்சு அடைத்திருந்தது.

மாலையை நோக்கிக் கை நீட்டினேன்.

"தம்பி, கைய எடு!" ஏகாம்பரம் போட்ட சத்தத்தில் சர்வர் சத்தமே கேட்கவில்லை. "பூஜை போட்டத நாளைக்கு மறுபூஜை பண்ணாம தொடலாமா? அதுவும் மாலைய எடுத்து, பொட்ட அழிச்சினு... கல்யாணம் பேசற நேரத்துல!"

அவர் சொன்னது எனக்கும் புரிந்தது. பெண் வீட்டார் கண்ணெதிரில் மாலையைப் பிய்த்துப் பொட்டை அழிப்பவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அழிக்காவிட்டால் வேலை போய்விடும். வேலை போனாலும் பெண் கிடையாது. நீட்டிய கை நீட்டியபடியே நின்றேன். திரையில் கோடு சிவப்பாக மாறியது.

"அப்பா, பொட்டு போனா திரும்ப வச்சுக்கலாம். மெஷின் போனா வருமா?" என்று சொல்லிக்கொண்டே சுமதி முன்னால் வந்து மாலையை உருவிவிட்டாள். "இன்னும் ஏங்க பாத்துகினு நிக்கிறீங்க? தொடைங்க!"

துடைக்கத் துணி இல்லை. புத்தம்புதிய வெள்ளைச் சட்டையைக் கழற்றித் துடைத்தேன். ஓட்டைகளில் அடைந்த சந்தனத்தை ஊதுவத்திக் குச்சியால் குத்தி எடுத்தேன். வருங்கால மாமனார் முன்னிலையில், பனியனோடு, அந்தக் குளிரில்! கொஞ்ச நேரத்தில் ஊளை இரைச்சலாகி, இரைச்சல் முனகலாகி அடங்கியது. கோடும் இறங்கியது.

ஏகாம்பரம் என்னைத் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று லிஃப்டை நோக்கி நடந்தார். கல்யாணம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். (நடந்து முடிந்தது என்ற பொருளில் அல்ல.) சந்தனச் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி வாசல்வரை வந்தேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அவர் வாயைத் திறந்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் சேந்துகினு என் பேச்ச மீறிட்டீங்க. இனிமே நான் வேணாம்னு சொன்னா மட்டும் கேக்கப்போறீங்களாக்கும்?"

சுமதி ஆட்டோவின் மறுபக்கம் திரும்பிச் சிரித்தாள்.

லீவு முடிந்து வந்த மேனேஜர், சிவப்புவரை ஏறிய கோடு சர்வர் நிற்காமலே இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு என்னை நிரந்தரமாக்கினார். சர்வர் அறைக்குள் பூ கொண்டுவரக் கூடாது என்று கதவில் ஒரு காகிதத்தையும் நிரந்தரமாக ஒட்டினார். மாமனார் மட்டும் என்னை அவ்வளவு சுலபமாக விடவில்லை. முகூர்த்தம் முடிந்து நாங்கள் மாலையும் கழுத்துமாக நின்றபோது மேடையேறி வந்து, என் மாலையை இரண்டு விரலால் விலக்கி, மண்டபத்துக்கே கேட்கும்படி விசாரித்தார்: "மாப்ள, உள்ள காத்து போவுதா?"

இப்போது படூர் வீட்டில் ஃபேனை மறைத்துக்கொண்டு நான் நின்றால், "அப்பா, மாலை மாதிரி நிக்காத, நகரு" என்கிறாள் என் மகள். வந்திருக்கும் விருந்தாளி அது என்னவென்று கேட்டுவிட்டால் போச்சு. சுமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, நான் பனியனோடு நின்ற இடத்திலிருந்து கதையை ஆரம்பிப்பாள்.