வழவழப்பான பக்கம்

எங்கள் பக்கத்தில் ஒரு இனம் உண்டு. யாராவது மண்வெட்டியால் சீமெந்துக் கலவையைப் பிரட்டும் சத்தம் கேட்டால் போதும், இரண்டு வாய்க்கால் தாண்டி வந்து சைக்கிளைச் சாத்திவிடும். நான் அதற்குக் கொங்கிறீற் ஆலோசகர் என்று பெயர் வைத்திருக்கிறேன். கூலி கேட்காது. வேலையும் செய்யாது.

அடையாளம் காண்பது லேசு. முதலில் போட்டிருக்கிற சேட்டின் கையை மடிக்கும். கலவையில் ஒரு பிடி எடுத்துப் பொத்திப் பார்க்கும். சல்லிக்கல்லைக் காலால் உருட்டி, கம்பியைச் சைக்கிள் பூட்டின் திறப்பால் தட்டி, அந்தச் சத்தத்துக்குக் கண்ணை மூடிக் காது கொடுத்து, கடைசியில் "தண்ணி காணாது" என்று சொல்லும். தண்ணீர் விட்டால் "கூடிப்போச்சு" என்று சொல்லும். பெமிற் என்ற அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு பை சீமெந்தும் வன்னிக்குள் வராத இந்த யுத்த காலத்தில் இந்த இனம் அழிந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. பசியோடு இருக்கிறது.

எங்கள் முரசுமோட்டையில் இதற்கு நல்ல உதாரணம் கதிர்காமநாதன். எப்போதோ ஒரு பாலம் கட்டிய இடத்தில் பதினேழு நாள் கூலியாட்களின் பெயர் எழுதியவர். "பாலம் போட்ட நாங்கள்" என்றுதான் எந்தக் கதையையும் தொடங்குவார்.

தொண்ணூற்றிநாலு மாசி. ஜெகதீஸ்வரி அக்காவின் வீடு வாய்க்காலுக்கு இந்தப் பக்கம். சூடடித்த நெல் இருபத்திரண்டு மூட்டை அந்தப் பக்கம். இடையில் இருந்த மரப்பாலத்தைக் கறையான் தின்றுவிட்டது. அவ பெமிற்றுக்கு அலைந்து எடுத்த இரண்டு பை சீமெந்தில், உழவு மெசினின் இடது, வலது சில்லுகளுக்கு ஒவ்வொன்றாக, நாலு அங்குலத் தடிப்பில் இரண்டு கொங்கிறீற் சிலாப்புகளை மலையகத்திலிருந்து வந்த மேசன் ராசு நிலத்தில் ஊற்றி, மூன்று கிழமை ஈரச்சாக்கால் மூடி வைத்திருந்தார். தூக்கி வைக்கிற அன்று வானம் கறுத்துவிட்டது.

முதல் சிலாப்பை ராசு வைத்தார். பிறகு மற்றதை நெம்ப அலவாங்கு வாங்கப் பக்கத்து வளவுக்குப் போனார். அந்த இடைவெளி போதும்.

"நில்லுங்கோ!" என்றார் கதிர்காமநாதன். "பாலம் போட்ட நாங்கள் சொல்லுறம். இந்தப் பக்கம் சொரசொரப்பு, ஆணிக் கீறல். அடியில பாருங்கோ, கண்ணாடி மாதிரி. கீறல் விழுந்த பக்கத்தை ஆரும் மேல வைப்பினமே?"

பொலித்தீன் விரித்து ஊற்றினால் அடிப்பக்கம் கண்ணாடிபோல்தான் வரும். இரண்டாவது சிலாப்பை ஆறு பேர் புரட்டி வைத்தோம். ஆம், ஒரு மூலை என் கையில்தான்.

ராசு வந்து பார்த்தார். "ஐயா, இது தலைகீழா கெடக்குங்க. நான் கீறினதே மேல் பக்கம் தெரியணும்னுதான்."

"ஏனடாப்பா, ரெண்டு பக்கமும் ஒரே கொங்கிறீற்தானே?"

"கொங்கிறீற்ற அமுக்கினா தாங்கும்ங்க. இழுத்தா விட்டுடும். பாரம் ஏறினா வயிறு கீழ தொங்கும், அங்கதான் இழுக்கும். அதான் கம்பிய வயித்துல போட்டேன். இப்ப முதுகுல கெடக்கு."

"வயிறாம், முதுகாம்! நீ மேசனோ, வைத்தியம் பாக்கிற பரியாரியோ? தேயிலைத் தோட்டத்தில எத்தினை பாலமடா போட்டனீங்கள்?"

ஆட்கள் சிரித்தார்கள். ராசு சிரிக்கவில்லை. முதல் துளி விழுந்தது. ஜெகதீஸ்வரி அக்கா என்னைப் பார்த்தா.

"வாத்தியார், நீங்கள் படிச்சனீங்கள். என்ன சொல்லுறியள்?"

எனக்குக் கொங்கிறீற்றைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்டுவிட்டார்களே.

"பார்வைக்கு இதுதான் நல்லாயிருக்கு" என்றேன்.

மண்ணெண்ணெய்ப் புகையோடு மெசின் அந்தப் பக்கத்திலிருந்து நெல் ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தது. கதிர்காமநாதன் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்து "வா, வா, வா" என்று கை காட்டினார். இடது சில்லு ராசு வைத்த சிலாப்பில் ஏறியது, அது அசையவில்லை. வலது சில்லு கண்ணாடியில் ஏறியது. பிஸ்கற் முறிகிற சத்தம். மெசின் சரிந்தது, பெட்டி சாய்ந்தது, ஒன்பது மூட்டை நெல் வாய்க்காலுக்குள் போனது. முறிந்த இரண்டு துண்டையும் முதுகுக் கம்பி மட்டும் தொங்கப் பிடித்துக்கொண்டிருந்தது.

கதிர்காமநாதன் குனிந்து, முறிந்த துண்டைத் திறப்பால் தட்டிப் பார்த்தார்.

"நான் அப்பவே நினைச்சனான். மற்றதையும் திருப்பியிருக்க வேணும்."

ஜெகதீஸ்வரி அக்கா சேலையைச் செருகிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கியிருந்தா. ராசுவும் இறங்கினார்.

"அண்ணை," என்றா அவ, நிமிராமல். "பாலம் போட்ட கையால ஒரு மூட்டை தூக்கிவிடுங்கோ."

அவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பாம். சைக்கிள் எடுத்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் நாலு அங்குலம் என்று நான் எழுதிய இடத்தில், "ஐந்து போட்டிருக்கலாம்" என்று உங்களுக்குள் ஒரு குரல் எழும்பியதா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

ஜெகதீஸ்வரி அக்காவுக்கு அடுத்த பெமிற் வந்துவிட்டது. கலவை போடுகிற நாளை மட்டும் ராசுவைத் தவிர ஒருவருக்கும் சொல்ல மாட்டேன் என்கிறா. நானும் இரண்டு தரம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டேன்.

அந்த நாளைப் பற்றி உங்களுக்கு ஏதும் தெரிய வந்ததா?