நீண்டவால் குடியிருப்பாளர் குறித்த தீர்மானங்கள்

ஒரு மலைச்சிங்கத்தைத் துப்பாக்கி இல்லாமல், கூண்டு இல்லாமல், முழுக்க முழுக்கத் தீர்மானங்களாலேயே எதிர்கொண்ட முதல் மனித சமுதாயம் எங்கள் டன்லாப் பள்ளத்தாக்குதான். வரலாறு இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வரலாறு மறந்தாலும் பாதகமில்லை. குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. செயலாளர் நான்தான்.

என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள் சொன்னார்கள். கல்லூரியில் படித்தவன். மாலையில் வீட்டில் எனக்காக யாரும் காத்திருப்பதில்லை. இரண்டும் உண்மை என்பதால் தேர்வு ஏகமனதாக நிறைவேறியது.

பள்ளத்தாக்கு முழுவதும் முன்பு ஒரே பண்ணை. ராய் டன்லாப்பின் மாடுகள் ராக்கி மலையின் அடிவாரம்வரை மேய்ந்துகொண்டிருந்தன. பிறகு ராய் கீழ்ப்பாதியை முப்பத்தைந்து ஏக்கர் துண்டுகளாக வெட்டி, இயற்கையை நேசிப்பவர்களுக்கு விற்றார். நாங்கள் குடிவந்து இயற்கையை நேசித்தோம். இந்த ஏப்ரலில் இயற்கை பதிலுக்கு எங்களைப் பார்க்க வந்தது.

பிடரிமயிர் கிடையாது. வறண்ட புல்லின் நிறம். உடம்புக்குப் பொருந்தாத அளவுக்கு நீண்ட வால். இந்த விலங்கு மனிதரைக் கண்டால் வழக்கமாக இருந்த இடம் தெரியாமல் போய்விடும். பத்து வருடம் இங்கே வாழ்ந்தும் அதன் காலடித் தடத்தை மட்டுமே பார்த்தவர்கள் உண்டு. இது போகவில்லை. ராயின் புல்கட்டு அடுக்கின்மேல் ஏறிப் படுத்து வெயில் காய்ந்தது. ராய் வண்டியின் ஒலிப்பானை அடித்தார். அது கொட்டாவி விட்டது. அவர் வனவிலங்குத் துறைக்குப் போன் செய்தார். முதல் புகார் பதிவானது.

மறுநாளே குழு பிறந்தது. தலைவர் வெர்னா ஹட்ச்சின்ஸ். முப்பது வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் கோரிக்கைகளை நிராகரித்து ஓய்வுபெற்றவர். எந்தக் கேள்வியையும் அதன் பதிலைவிட நீண்ட காலம் உயிரோடு வைத்திருக்கத் தெரிந்தவர். தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தில், தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, பதினொரு பேர் கூடினோம். மூன்று வீடுகள் விற்பனைக்கு இருந்ததால் ‘சிங்கம்’ என்ற சொல்லை எந்த ஆவணத்திலும் பயன்படுத்தக் கூடாது என்று முதல் தீர்மானம் நிறைவேறியது. அன்றுமுதல் அது ‘நீண்டவால் குடியிருப்பாளர்’.

வனவிலங்கு அதிகாரி மாரிசோல் ட்ருஹியோ வந்திருந்தாள். இந்த மலைகளிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குப் பேச நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தோம். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

“மான் இருக்கற எடத்துல அது இருக்கும். நீங்க மானுக்குத் தீனி போடறீங்க. நிறுத்துங்க. மான் மேல போயிரும், பின்னாடியே இதுவும் போயிரும். மனுசங்களப் பாத்தும் விலகலைன்னு மூணு புகார் வந்தா நான் சுட்டாகணும். சட்டம் எனக்கு வேற வழி வெக்கல. பொட்டை அது, மூணு வயசு இருக்கும். என்னைச் சுட வெக்காதீங்க.”

குழு புண்பட்டது. விஷயம் அவ்வளவு எளிது என்றால் பதினொரு பேர் சாப்பாட்டு நேரத்தில் எதற்காகக் கூடினோம்?

ராய் எழுந்து, தான் மானுக்கு ஒன்றும் போடவில்லை என்று விளக்கினார். மாட்டுக்குப் போடுகிறார். மான் திருடித் தின்கிறது. பறிகொடுத்தவன் திருட்டுக்கு எப்படிப் பொறுப்பாவான்? வெர்னா தன் முற்றத்துச் சோளம் குருவிகளுக்கானது என்றார்.

“வாரத்துக்கு அரை மூட்டையா?” என்றாள் மாரிசோல்.

“இங்க குருவி ஜாஸ்தி கண்ணு.”

“கேரட்டு?”

“அது முயலுக்கு.”

ஆகவே ‘தீனி’ என்றால் என்ன என்பதை வரையறுக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. படித்தவன் என்பதால் துணைக்குழு முழுவதும் நானே. ஒன்றேகால் பக்கத்தில் எழுதி முடித்தேன். அதில் எனக்குப் பிடித்தது நான்காம் பிரிவு: ‘உப்புக்கட்டி என்பது கனிமம். கனிமம் தீனியாகாது.’ உப்பைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை. இருந்தாலும் கைதட்டி நிறைவேற்றினார்கள். படிச்ச பையன் படிச்ச பையன்தான் என்று வெர்னா என் தோளில் தட்டினார்.

கூட்டத்துக்குப் பிறகு மான்கறி போட்ட பச்சைமிளகாய்க் குழம்பு பரிமாறப்பட்டது. வெர்னா கொண்டுவந்தது. அவர் முற்றத்துக்கு வரும் மான்களுக்குப் பெயர் உண்டு. கிளாரிஸ், டாட்டி, பெரிய பெக். அவருடைய உறைபெட்டியில் இருப்பவற்றுக்குப் பெயர் கிடையாது. கொள்கைத் தெளிவு என்றால் இதுதான்.

அடுத்து ஆக்கபூர்வ நடவடிக்கைகள்.

நகரத்து டயர்க் கடை வாசலில் சிவப்பு நைலான் மனிதன் ஒருவன் ஆடிக்கொண்டிருப்பான். காலடியில் மின்விசிறி. காற்று ஏறினால் பன்னிரண்டடி உயரத்துக்கு எழுந்து, இரண்டு கைகளையும் வீசி, முதுகெலும்பில்லாமல் வளைந்து வளைந்து வாடிக்கையாளரை அழைப்பான். கொடிய விலங்குகளை விரட்ட இவனை விட்டால் ஆளில்லை என்று ராய் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். கடைக்காரரிடம் இரவல் வாங்கி வந்து புல்கட்டுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். குழுவில் துணைத்தலைவர் பதவி காலியாக இருந்தது. அதனால் அவனை அப்படியே அழைத்தோம்.

மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமரா எடுத்த படங்களைக் கூட்டத்தில் திரையிட்டேன். முதல் நாள்: துணைத்தலைவர் ஆடுகிறார், ஏழு மான்கள் வரிசையாக நின்று பார்க்கின்றன. இரண்டாம் நாள்: மான்களுக்குப் பின்னால் நீண்டவால் குடியிருப்பாளர் உட்கார்ந்திருக்கிறார், துணைத்தலைவர் சாயும் பக்கமெல்லாம் தலையைச் சாய்க்கிறார். மூன்றாம் நாள்: விசிறியின் வயர் அறுந்து கிடக்கிறது. துணைத்தலைவர் தரையில் விரிந்திருக்கிறார். அவர்மேல் குடியிருப்பாளர் மல்லாந்து தூங்குகிறார்.

“முன்னேற்றம் தெரியுது,” என்றார் வெர்னா. “ஒரே எடத்துல நிக்குது பாருங்க.”

நான்காம் நாள் டயர்க் கடைக்காரர் தன் ஆளைத் திரும்ப வாங்க வந்தார். தன் ஆளின்மேல் யார் படுத்திருக்கிறார் என்று பார்த்தார். வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அங்கிருந்தே மாரிசோலுக்குப் போன் செய்தார். இரண்டாவது புகார்.

பிறகு வானொலி. மனிதக் குரல் கேட்டால் இந்த விலங்கு விலகும் என்று மாரிசோல் ஒருமுறை சொன்னது குறிப்பேட்டில் இருந்தது. எந்த நிலையத்தை வைப்பது என்று ஒரு மாலை முழுவதும் வாக்குவாதம் நடந்தது. கடைசியில், நேயர்கள் போன் செய்து நாட்டை நினைத்துக் கத்தும் நிலையம் ஏழுக்கு நான்கு என்ற கணக்கில் வென்றது. ஒலிபெருக்கியை ஓடைக்கரையில் வைத்தோம். ஒரு வாரம் பகல் முழுக்கக் கத்தியது. குடியிருப்பாளர் அதன் நிழலில் படுத்துப் பழகிக்கொண்டார். மாற்றம் ராயிடம்தான் தெரிந்தது. வேலி சரிபார்க்கும்போது தனியாகத் தலையாட்டி, “சரியாச் சொன்னான்யா,” என்று முணுமுணுக்கத் தொடங்கினார்.

மூன்றாவது நடவடிக்கை பயிற்சி. நேருக்கு நேர் சந்தித்தால் ஓடக் கூடாது. உடம்பைப் பெரிதாகக் காட்ட வேண்டும். உறுதியாகப் பேச வேண்டும். மாரிசோல் சொல்லிக் கொடுத்தாள். தீயணைப்பு நிலையத்தில் பதினொரு பேரும் கோட்டுகளைத் தலைக்குமேல் விரித்து, பல்லைக் காட்டி, ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றி நடந்தோம். வழிதவறி உள்ளே வந்த பார்சல் ஓட்டுநர், பார்சலை வைத்துவிட்டுக் கையெழுத்து வாங்காமலே போனார்.

பயிற்சி வீண்போகவில்லை. மே முதல் வாரம், பள்ளத்தாக்கின் தபால்பெட்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் வெர்னா அதைச் சந்தித்தார். இடையில் பத்தடி தூரம். வெர்னா கோட்டை விரித்தார். உறுதியாகப் பேச வேண்டுமே, என்ன பேசுவது? கையில் என்னுடைய கூட்டக் குறிப்புகள் இருந்தன. தேதியிலிருந்து தொடங்கி வாசித்தார். வருகை தந்தோர். முந்தைய கூட்டக் குறிப்புகளை ஏற்றல். தீனி வரையறை, பிரிவு ஒன்று, பிரிவு இரண்டு. குடியிருப்பாளர் நான்காம் பிரிவுவரை உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுந்து போனதாக வெர்னா சொன்னார். இது பேச்சுவார்த்தையின் வெற்றி என்று இரண்டு பக்கத்துக்கு எழுதி, கையெழுத்திட்டு, மாரிசோலின் அலுவலகத்துக்குப் பெருமையுடன் அனுப்பினார்.

மூன்றாவது புகார்.

மறுநாள் மாரிசோல் என் வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

“வெர்னா லெட்டர் இன்னும் என் வண்டி சீட்டுக்கு அடியிலதான் கெடக்கு. பத்து நாள் அங்கயே கெடக்கும். அதுக்குமேல என்னால வெச்சிருக்க முடியாது. நீ வீடு வீடாப் போய்ச் சொல்லு, எல்லிஸ். நீ சொன்னா கேப்பாங்க.”

சரி என்றேன்.

“உன் வீட்ல ஏதாச்சும் வெச்சிருக்கியா?”

“தீனி எதுவும் இல்ல.”

அது பொய்யில்லை. வாசலில் நிற்பவர்களுக்கு வீட்டின் பின்புறம் தெரியாது. படுக்கையறை ஜன்னல் அந்தப் பக்கம். போன வசந்தத்தில் என் மனைவி கோராவால் எழுந்திருக்க முடியாமல் போனபோது, படுத்தபடியே பார்க்கட்டும் என்று ஜன்னலுக்கு வெளியே மான்கள் நக்க ஓர் உப்புக்கட்டி வைத்தேன். மான்கள் வந்தன. ஜூனில் அவள் போய்விட்டாள். கட்டி தேய்ந்தால் புதிது வைக்கிறேன். நான்காம் பிரிவின்படி அது கனிமம்.

வீடு வீடாகப் போனேன். இங்கேதான் என் குறிப்பேட்டில் ஒரு குளறுபடி தொடங்குகிறது. நான் தலைகுனிந்து பதிவு செய்ய வேண்டியிருக்கிறது: குழு உறுப்பினர்கள் வேலை செய்தார்கள்.

எழுபத்தொரு வயது ராய் புல்கட்டுகளைச் சுற்றி எட்டடிக் கம்பிவேலி போட்டார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது வெர்னா. போன மூன்று வருடமாக அவர்கள் பேசிக்கொள்வதில்லை. சோள மூட்டையை வெர்னா தானே என் வண்டியில் ஏற்றினார். கேரட் பையையும் தந்தார். முற்றத்துக்கு வந்த மான்களைச் சமையல் பாத்திரங்களைத் தட்டி மூன்று நாள் விரட்டினார்.

“பெரிய பெக் கண்ணாடிக் கதவுல மூக்க வெச்சுப் பாத்துச்சு,” என்றார். “நான் திரும்பிக்கிட்டேன்.”

“அது தப்பா எடுத்துக்காது,” என்றேன்.

“எடுத்துக்கட்டும் கண்ணு. உசுரோட இருந்து எடுத்துக்கட்டும்.”

ஆறாம் நாள் எல்லாக் கேமராவும் காலி. மான் இல்லை, குடியிருப்பாளர் இல்லை. ஓடைக்கரையில் வானொலியை அணைத்தார்கள். ராய் தொப்பியைக் கழற்றிக் காற்றில் வீசிப் பிடித்தார். யாரோ பீச் பழப் பணியாரம் சுட்டு வந்திருந்தார்கள். துணைத்தலைவரை ஒட்டுப்போட்டு எழுப்பி, டயர்க் கடைக்குத் திருப்பிக் கொடுப்பதற்குமுன் கடைசியாக ஒருமுறை ஆடவிட்டு, அவரோடு சேர்ந்து பதினொரு பேரும் ஆடினோம். நானும் ஆடினேன்.

மான்கள் எங்கே போயின என்று எனக்குத் தெரியும். இருபத்து மூன்று. காலையில் படுக்கையிலிருந்து எண்ணினேன். பெரிய பெக்கும் அதில் இருந்தது. அவ்வளவு மானை அந்த ஜன்னலில் கோரா பார்த்ததே இல்லை.

ஒன்பதாம் நாள் காலை கொட்டகை ஓரம் நீண்ட வால் ஒன்று தெரிந்தது. நுனி மட்டும் ஆடியது. கட்டி பாதி தேய்ந்து பத்துக் கிலோ இருக்கும். போய்த் தூக்கிவர ஒரு நிமிடம் ஆகும். நான் ஜன்னலருகே நின்று காபி குடித்தேன்.

பத்தாம் நாள் விடிந்ததும் மாரிசோல் வந்தாள். தடம் பார்த்து நேராக வீட்டின் பின்புறம் போனாள். ஒரு வெடிச்சத்தம். மான்கள் சிதறின. கால் மணி நேரத்தில் திரும்பி வந்து நக்கத் தொடங்கின.

நான் வெளியே போனேன். அவள் கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இது என்ன எல்லிஸ்?”

“கனிமம்.”

அவள் துப்பாக்கியை வண்டியில் வைத்தாள். திரும்பி வந்தாள்.

“எல்லாரும் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க,” என்றாள். “வெர்னாகூட.”

“நாலாம் பிரிவுல தெளிவா இருக்கு.”

“பின்னங்காலப் புடி.”

பிடித்தேன். இன்னும் சூடாக இருந்தது. கட்டியைப்போல நான்கு மடங்கு கனம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இரங்கல் கூட்டம். வெர்னா அழுதார். முதல் தீர்மானத்தை மீறி ‘சிங்கம்’ என்று சொன்னார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. எங்கே தவறினோம் என்று ராய் மூன்று முறை கேட்டார். ஒரு சோளமணிகூட மிச்சமில்லையே என்றார். மாரிசோல் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். ‘காரணம் கண்டறியப்படவில்லை’ என்று எழுதினேன். கையெழுத்து அழகாக வந்தது.

ஓயாத உழைப்புக்காகச் செயலாளருக்கு மரப்பலகையில் பெயர் பொறித்துக் கொடுத்தார்கள். ஏற்புரை கேட்டார்கள். இந்தப் பள்ளத்தாக்கைப் பாராட்ட எனக்குச் சொற்கள் இல்லை என்றேன். அது உண்மை. என் ஒன்றேகால் பக்க விதியில் ராய்க்கு ஓட்டை இருந்தது, வெர்னாவுக்கு ஓட்டை இருந்தது, எல்லாருக்கும் அவரவர் அளவுக்கு ஓட்டை வைத்திருந்தேன். ஒருவரும் அதைப் பயன்படுத்தவில்லை. விதி கேட்காததையெல்லாம் செய்தார்கள். எழுத்துப் பிசகாமல் விதிப்படி நடந்தது ஒரே ஒரு வீடு. பலகையை அந்த வீட்டில்தான் மாட்டியிருக்கிறேன், ஜன்னலுக்குப் பக்கத்தில்.