நாலந்தாவில் நின்ற கொலைக்கேஸ்

"அப்போ டொக்டர் கொல்லலையா?" என்று கேட்டார் கோப்ரல், துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டே.

நாலந்தா இராணுவ செக்பொயின்டில் நின்ற பஸ்ஸில் எல்லோரும் மகாலிங்கத்தைப் பார்த்தார்கள்.

"இல்லைங்க சேர். அன்னைக்கு ராத்திரி டொக்டர் ஊர்லயே இல்ல," என்றார் அவர் சிங்களத்தில்.

"அப்போ யாரு?"

"அது நாளைக்குத்தான் தெரியும்."

கோப்ரல் பெருமூச்சு விட்டு, பஸ்ஸைப் போகச் சொன்னார்.

மகாலிங்கம் மாத்தளையிலிருந்து தம்புள்ளைக் கந்தோருக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். கையில் மர்ம நாவல் இல்லாமல் பஸ் ஏறமாட்டார். அந்தப் பழக்கம்தான் நாலந்தாவில் அவரை மாட்டிவிட்டது. முதல் நாள் பையைச் சோதித்த கோப்ரல், அட்டையில் துப்பாக்கி வரைந்த தமிழ்ப் புத்தகத்தை வெளியே எடுத்தார்.

"இது என்ன?"

"கொலைக்கதை, சேர்."

"எங்க, சொல்லு பாப்போம்."

மலை பங்களா, உள்ளே பூட்டிய அறை, செத்துக் கிடந்த முதலாளி. நாக்கு உலர உலர மகாலிங்கம் சொன்னார். கோப்ரலின் இறுகிய முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

"மிச்சத்த நாளைக்குச் சொல்லணும்."

அன்று மாலையே மகாலிங்கம் புஹாரி நானாவின் பழைய புத்தகக் கடைக்கு ஓடினார். கட்டுக்கட்டாய் அடுக்கிய நாவல்களும் அந்தப் பழுப்புத் தாள் வாசமும் பள்ளிக்கூட நாளிலிருந்தே அவரை இழுப்பவை. இன்று வாசம் பிடிக்க நேரமில்லை.

"நானா, கொலகாரன் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாதுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க?"

"தெரியாதுதான் சேர். கடைசிப் பக்கங்க கிழிஞ்சு போச்சு."

வேறு வழியில்லாமல் இன்னொரு நாவலை வாங்கி, முதல் கதையோடு ஒட்டினார் மகாலிங்கம். செத்த முதலாளிக்கு ஒரு தம்பி முளைத்தான். மூன்றாவது நாவலிலிருந்து ஒரு கறுப்புக் கார் வந்தது. கதையைக் கேட்பதற்கென்றே சிலர் முன் சீட்டுக்கு முண்டியடித்தார்கள்.

"நேத்து காரு வெள்ளைன்னீங்களே," என்றார் ஓர் அம்மா.

"பெயின்ட் அடிச்சிட்டாங்க," என்றார் மகாலிங்கம்.

தினமும் பிந்திப் போனதால் கந்தோரில் பெரியவரிடம் ஏச்சு. வீட்டில் மனைவி சந்திரவதனா, "புத்தகத்த வச்சிட்டுப் போங்களேன். கதை மறந்துபோச்சுன்னு சொல்லுங்க," என்றாள்.

அப்படியே செய்தார். கோப்ரல் பையைக் கவிழ்த்தார். சோற்றுப் பார்சலையும் பிரித்து, தேங்காய்ச் சம்பலைக்கூடக் கிளறிப் பார்த்தார்.

"மறந்துபோச்சுன்னா எப்படி?"

மறுநாளே மகாலிங்கம் கதையில் அந்தத் தம்பியின் மனைவியைக் காணாமல் போகச் செய்தார். கதை ஓடும்வரை தன் தலை தப்பும். முடிந்தால் என்ன ஆகுமோ. அதனால் கொலைகாரனைப் பிடிக்காமலே இழுத்துக்கொண்டு போனார்.

போர்நிறுத்தம் வந்தது. ஊரே மூச்சு விட்டது. கோப்ரல் மட்டும் பழைய இடத்திலேயே நின்றார். இப்போது கையில் துப்பாக்கிகூட இல்லை. விரலை நீட்டியே பஸ்ஸை மறித்தார். துப்பாக்கியே தேவைப்படாத அளவுக்கு அதிகாரம் வந்துவிட்டதோ என்று மகாலிங்கம் இன்னும் பயந்தார்.

ஒருநாள் கோப்ரல் அவரைக் கீழே இறக்கி, பஸ்ஸை அனுப்பிவிட்டார். பக்கத்தில், எல்லோரும் நோனா என்று கூப்பிடும் பெண்ணின் தேத்தண்ணிக் கடையில் உட்காரவைத்து, "இன்னைக்குக் கதைய முடிச்சிட்டுத்தான் போகணும்," என்று சொல்லிவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனார்.

மகாலிங்கத்தின் முன் பிளேன்டீக் கோப்பையை வைத்த நோனா குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"மாத்தயா, தயவு செஞ்சு அந்தக் கொலகாரனப் புடிச்சுக் குடுத்திடுங்க. செக்பொயின்ட எடுத்து எவ்வளவோ நாளாச்சு. கதை முடியாம ஊருக்குப் போகமாட்டேன்னு, இந்த மனுசன் லீவு முழுக்க என் கடையிலயே கெடக்கிறாரு."