மன்னார்க் கழுதை நிபுணர்

ஒரு ஊரில் பிறந்தவனுக்கு அந்த ஊரில் உள்ளதெல்லாம் தெரிந்திருக்கும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அதை மறுக்காமல் சிரித்துக்கொண்டு நிற்பவனுக்கு என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

நான் இலங்கையின் மன்னார்க்காரன். எங்கள் ஊரில் கழுதைகள் தெருத் தெருவாகத் திரியும். கடைவாசலில் படுத்திருக்கும். வேலிக்குள் தலையை நீட்டினால் "ச்சூ, போ!" என்று துரத்துவோம். எனக்கும் கழுதைகளுக்குமான உறவு அவ்வளவுதான். ஒன்றைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் நாங்கள் இப்போது இருக்கும் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரில் பிறந்த என் மகள் மெரினுக்கு நான் சொன்ன கதைகளில் கழுதைகள் கொஞ்சம் தாராளமாகவே வந்துபோயின. (பிள்ளைக்குக் கதை சொல்லும்போது அளந்து பார்த்தா சொல்ல முடியும்?)

போன வருடம் அவள் வகுப்பில் சுற்றுலா போனார்கள். சியாகுல்லிப் பக்கத்து மண்டரின் ஆரஞ்சுத் தோட்டங்களைத் தாண்டி, மலைப்பக்கம் ஒரு பழைய பண்ணைவீடு. நூறு வருடத்துக்கு முந்தைய வாழ்க்கையை அப்படியே வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை செய்பவர்கள் அந்தக்கால உடுப்போடு அந்தக்கால மனிதர்களாகவே நடிப்பார்கள். செல்போனைக் காட்டினால் "இதென்ன பேய்ப்பெட்டி?" என்று சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

துணைக்குப் பெற்றோர் ஒருவர் வரலாமாம். நான் பேசும் இத்தாலிய மொழிக்குப் பயந்து என்னைப் பள்ளிக்கூட வாசலுக்கே விடாத மெரின், தானாகவே கேட்டாள்.

"அப்பா, நீங்கள் வாறீங்களே?"

"ஓம் ஓம், வாறன்!"

நான் வேலை செய்யும் வீட்டு எஜமானி சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டு, இருப்பதிலேயே நல்ல வெள்ளைக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். (பண்ணைக்கு வெள்ளைக் காற்சட்டை. அதிலேயே தெரிந்திருக்க வேண்டும்.)

பண்ணையில் சூடு மிதிக்கும் களத்தைக் காட்டினார்கள். கோதுமைக் கதிரின் மேல் ஒரு கழுதை வட்டமாக நடந்து மிதித்து மணியை உதிர்க்க வேண்டும். பண்ணைக் காரியக்காரராக நடித்த மீசைக்காரர், "யாருக்காவது கழுதை ஓட்டத் தெரியுமா?" என்று சும்மா கேட்டுவைத்தார். மெரினின் கை உயர்ந்தது.

"என் அப்பாவின் ஊர் முழுக்கக் கழுதைதான். அப்பாவுக்கு எல்லாம் தெரியும்!"

வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. மகளின் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த முகத்தைப் பார்த்து எந்தத் தகப்பன் தெரியாது என்பான்?

"பிள்ளை, எல்லாக் கழுதையும் ஒரே மாதிரி இல்லை..." என்று தமிழில் முணுமுணுத்துப் பார்த்தேன்.

"சொல்லிப்போட்டன் அப்பா. போங்கோ!"

கழுதையின் பெயர் கொன்தெஸ்ஸா. அதாவது சீமாட்டி. கயிற்றை என் கையில் தந்த மீசைக்காரர், "உங்கள் ஊரில் சொல்வதையே சொல்லுங்கள்" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே கழுதைப் பாஷையைச் சொன்னேன்.

"ச்சூ! போ!"

சீமாட்டி சொல் தட்டாதவள். போனாள். வட்டமாக அல்ல, நேராக. கயிறு என் மணிக்கட்டில் சுற்றியிருந்ததால் நானும் கூடப் போனேன். கொடியில் காய்ந்த அந்தக்காலப் படுக்கை விரிப்பு ஒன்று என் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. "காப்பாற்றுங்கள்!" என்று கத்தினேன். மீசைக்காரரோ வேடம் கலையாமல், "பொறுமை, ஐயா! என் பாட்டனாரையும் இப்படித்தான் இழுத்தது!" என்று பின்னால் ஓடிவந்தார்.

சீமாட்டி நின்ற இடம் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டு மேசை. நான் நின்ற இடம், இல்லை, உட்கார்ந்த இடம், சின்னக் கூடைகளில் வரிசையாக வைத்திருந்த புத்தம்புது ரிக்கொட்டாப் பாற்கட்டியின் மேல். அப்போதுதான் மீசைக்காரர் கையில்லாக் கோட்டுக்குள்ளிருந்து செல்போனை எடுத்து, "கடையில் வேறு ரிக்கொட்டா வாங்கி வா, சீக்கிரம்!" என்றார். பிள்ளைகள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். நான் விரிப்பை விலக்கி மெரினைத் தேடினேன். வெட்கத்தில் அழுகிறாளோ என்று பயம். அவள் புல்லில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, காணும்! பஸ்தா! எனக்கு மூச்சு வருதில்லை!" என்று, போதும் என்பதை இரண்டு பாஷையிலும் கத்தினாள்.

வெள்ளைக் காற்சட்டை அதோடு முடிந்தது. பண்ணைக்காரர்கள் தங்கள் அந்தக்கால வெல்வெட் காற்சட்டையும் தொப்பியும் தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது அடுத்த பஸ்ஸில் வந்தவர்கள் என்னையும் பண்ணை ஆள் என்று நினைத்துப் படமெடுத்தார்கள். நானும் களைப்பில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

சில மாதம் கழித்து, நான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது சிஞ்ஞோரா ஒரு விளம்பரத் தாளோடு வந்தார். வியா மக்வேதா தெருவில் யாரோ தந்ததாம். அந்தப் பண்ணையின் விளம்பரம். நடுவில், தொப்பியோடு, சோகமாக, நான்.

"இந்த முகத்தைப் பார்" என்றார் சிஞ்ஞோரா உருகிப்போய். "இதுதான் அசல் சிசிலிக் குடியானவனின் முகம். இப்போது இப்படி ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்?"

"ஓம் சிஞ்ஞோரா, இல்லைத்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனேன்.

இதை வீட்டில் வந்து சொன்னதுதான் தவறு. இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவி தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே, "இவரைத் தெரியும்தானே? எங்கட வீட்டு அசல் சிசிலியன்" என்கிறாள்.