காளைச் சித்தரும் கியூசி புஷ்பவள்ளியும்

காளைச் சித்தர் வாக்குக் கொடுத்தால் பங்கு ஏறும். ஏறவில்லையென்றால் நீங்கள் முட்டை சாப்பிட்டிருக்கிறீர்கள். இந்த வருடம் ஜோகூர் தமிழர்களுக்குக் கிடைத்த பொருளாதாரக் கல்வி இவ்வளவுதான்.

நம்பாதவர்கள் செனாய்க்கு வந்து பார்த்திருக்க வேண்டும். தொழிற்சாலை பஸ் நிற்கிற இடத்தில் சித்தர் பேச்சு. டீ குடிக்கிற ஒட்டுக்கடையில் சித்தர் பேச்சு. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வரிசையிலும் அதே பேச்சு, கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றும்போதும் அதே பேச்சு. சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் பாலத்து நெரிசலில் நின்றபடி கைப்பேசியை எடுத்து, வாக்கு வந்துவிட்டதா என்று பார்த்தார்கள். பின்னால் ஆயிரம் வண்டி ஹாரன் அடித்தது. அடித்தவர்களில் பாதிப்பேரும் வாக்குக்குக் காத்திருந்தவர்கள்தான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான்தான் கில்பர்ட். 'லாபம் கேளுங்க' என்ற இணையக் கேள்வி-பதில் மன்றத்தின் அட்மின். சம்பளம் கிடையாது, வசவு உண்டு. முதலீடு பற்றி யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், தெரிந்தவர்கள் பதில் சொல்லலாம். அதற்காகத் தொடங்கிய மன்றம். வந்த கேள்விகளைக் கேளுங்கள்: "எந்தப் பங்கு வாங்கலாம், சீக்கிரம் சொல்லவும்." "வியாழக்கிழமை வாங்கினால் ஏறுமா?" "மச்சான் வாங்கச் சொல்கிறான், மச்சான் நல்லவனா?" கம்பெனி என்ன வியாபாரம் செய்கிறது என்று ஒரு மகராசன் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட வயலில்தான் எட்டு மாதத்துக்கு முன் காளைச் சித்தர் வந்து இறங்கினார். காவிச் சட்டை, ருத்ராட்சம், முன்னால் இரண்டு மடிக்கணினி. வாரம் ஒரு பங்கின் பெயரைச் சொல்வார். அது அடுத்த திங்கட்கிழமை ஏறுமா இறங்குமா என்று ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தட்சணை எண்பத்தெட்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். பணம் கட்டினால் எண் போட்ட ரசீது வரும். வெள்ளிக்கிழமை மாலை, "ஏறும்" அல்லது "இறங்கும்" என்று ஒற்றைச் சொல் வாக்கு வரும்.

நட்சத்திரமும் பிறந்த தேதியும் அனுப்ப வேண்டும். நாங்கள் கத்தோலிக்கர்கள், நட்சத்திரத்துக்கு எங்கே போவது? சித்தர் பெரிய மனசுக்காரர். கத்தோலிக்கர்களுக்கு ஞானஸ்நானத் தேதி போதும் என்றார். பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் இரட்சிக்கப்பட்ட தேதியை அனுப்பலாம். நானும் அனுப்பினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். குளுவாங் கோயிலில் என் தலையில் தண்ணீர் ஊற்றிய பாதிரியாருக்கே தெரியாத ஒரு விஷயத்தைச் சித்தர் கண்டுபிடித்தார். நான் ரோகிணியாம்.

முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. வந்த வாக்கை எவரிடமும் வாய்திறந்து சொல்லக் கூடாது. கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது. அந்த மூன்று நாளும் முட்டையும் கூடாது. பலிக்காதவர்கள் கேட்டால் சித்தரிடம் பதில் தயார்: "நாக்க அடக்கலையா, முட்டைய அடக்கலையா?" அவர்களும் யோசித்துப் பார்த்து, போன சனிக்கிழமை சாப்பிட்ட கேக்கில் முட்டை இருந்திருக்கும் என்று ஒப்புக்கொண்டு போய்விடுவார்கள். ஒப்புக்கொள்ளாமல் மன்றத்தில் புகார் எழுதியவர்களின் பதிவுகளை நீக்கிவிடும்படி சித்தர் என்னைக் கேட்டுக்கொண்டார். எதிர்மறை அலை பரவுமாம். நீக்கினேன். அதற்குக் கூலியாக எனக்கு இலவச வாக்கு. தூ, என் புத்தியை!

மூன்று தடவை தொடர்ந்து பலித்தவருக்கு 'மும்முறை பலித்தவர்' என்று பட்டம். அவர்களுக்கு மட்டும்தான் 'மகா வாக்கு'. அதாவது, கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் சித்தரிடமே கொடுத்துவிட வேண்டும். நல்ல நேரம் பார்த்து அவரே பங்கு வாங்கிப் பெருக்கித் தருவார். அந்தப் பட்டம் என் அடுத்த வீட்டுக்காரர் ஐயாசாமிக்குக் கிடைத்தது.

ஐயாசாமி முப்பது வருடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். ஐம்பத்தைந்து வயது முடிந்து சேமநிதிப் பணம் மொத்தமும் கைக்கு வந்திருந்தது. பண்டார் தெங்காராவில் ஒரு வீடு வாங்கலாம் என்று அவர் மனைவி புஷ்பவள்ளி பார்த்து வைத்திருந்தார். வாடகை வீட்டிலேயே கல்யாணம், வாடகை வீட்டிலேயே பிள்ளைப்பேறு என்று காலம் தள்ளிய பெண். அந்தப் பணம்தான் இப்போது காசோலையாகி ஐயாசாமியின் சட்டைப் பையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செனாய் மண்டபத்தில் சித்தரின் நேரடி தரிசனம். அங்கே கொடுப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலையில் புஷ்பவள்ளி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் ஒரு தொழிற்சாலையில் கியூசி, அதாவது சரக்கில் நல்லது எது, கழிவு எது என்று பரிசோதிக்கும் வேலை. பார்வையும் அப்படித்தான் இருக்கும்.

"கில்பர்ட் அண்ணே, நானும் எம்பத்தெட்டு வெள்ளி கட்டுனேன்."

"நீயுமா தங்கச்சி?"

"இவரோட நட்சத்திரம், இவரோட பொறந்த தேதி, இவரோட ஊரு. போன் நம்பர் மட்டும் என்னுது. இறங்கும்னு வந்திருக்கு. இவரு வாயத் திறக்கல, ஆனா நேத்து சாயந்திரத்துலேருந்து பல்லக் காட்டிக்கிட்டே திரியிறாரு. அப்ப இவருக்கு ஏறும்னுதானே வந்திருக்கும்?"

"அவருகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'உன் நாக்கால என் வாக்கக் கெடுத்துட்டியே'ன்னு குதிக்கிறாரு. அலமாக், வீட்டுக்காசு போகுதேன்னு நான் துடிக்கிறேன், இவருக்கு நாக்குதான் கவலை." கண் கலங்கியது. உடனே துடைத்துக்கொண்டார். "அண்ணே, பலிச்சவங்க எழுதுனது மன்றத்துல நெறைய கெடக்கு. பலிக்காதவங்க எழுதுனது எங்க?"

நான் பசியாறிக்கொண்டிருந்த ரொட்டி சானாயைத் தட்டில் வைத்தேன்.

"நீக்கிட்டேன்லா."

"நல்ல பீஸ மட்டும் மேசையில அடுக்கி வச்சா எந்த ஃபேக்டரியிலயும் ரிஜெக்ட்டே இருக்காது. ரிஜெக்ட் பெட்டியத் தொறங்க."

திறந்தேன். நூற்று நாற்பது புகார். பாதிப்பேர் ரசீதையும் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். புஷ்பவள்ளி ஒரு தாளில் வாரவாரியாக அந்த ரசீது எண்களை எழுதினார். எழுதி முடித்ததும் தாளை மடித்து வைத்துக்கொண்டு, "நாளைக்கு மண்டபத்துல மேடையில யாரு பேசுறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"மும்முறை பலிச்சவங்க குடும்பத்துலேருந்து ஒருத்தர் சாட்சி சொல்லணும்."

"நான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருநூறு பேர். ஒருவரும் பேசவில்லை. வாக்கு தவறி வெளியே வந்துவிடக் கூடாதே என்று, ஆளுக்கு ஒரு கிராம்பை வாசலில் கொடுத்து நாக்கின்மேல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் சித்தர். இருநூறு தமிழர்கள் ஒரே இடத்தில் கூடி மௌனமாக உட்கார்ந்திருந்த காட்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை. அந்த ஒரு அற்புதத்தைச் செய்தவர் என்ற வகையில் சித்தரை மெச்சத்தான் வேண்டும்.

"ஐயாசாமியோட சம்சாரம் இப்ப சாட்சி சொல்லுவாங்க," என்று சித்தரே ஒலிவாங்கியைக் கொடுத்தார். மனைவி மனம் மாறிவிட்டாள் என்று நம்பி, ஐயாசாமி முன்வரிசையில் பெருமையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கை சட்டைப் பையின் மேல்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார் புஷ்பவள்ளி. "இந்த வாரம் செம்பனைக் கம்பெனிப் பங்கு. எல்லாருக்கும் வாக்கு வந்திருச்சு. சித்தர் வாயாலதான் சொல்லக் கூடாதுன்னாரு. சரிதானே சாமி?"

"சரிதாம்மா," என்றார் சித்தர்.

"யாரும் வாயத் தொறக்க வேணாம். கிராம்பு அங்கேயே இருக்கட்டும். ஏறும்னு வாக்கு வந்தவங்க எந்திரிச்சு மின்விசிறிப் பக்கம் போய் நில்லுங்க. இறங்கும்னு வந்தவங்க சாப்பாட்டுக்கு மீஹூன் வச்சிருக்கிற மேசைப் பக்கம் நில்லுங்க."

சித்தர் ஒலிவாங்கிக்குக் கை நீட்டினார். அதற்குள் நாற்காலிகள் நகர ஆரம்பித்துவிட்டன. வாயால் சொன்னால்தான் தோஷம், காலால் நடந்தால் தோஷம் என்று நிபந்தனையில் எங்கும் இல்லையே! மௌனமாகக் கீழ்ப்படிந்து பழகிய கூட்டம், இதற்கும் மௌனமாகக் கீழ்ப்படிந்தது.

மின்விசிறிப் பக்கம் நூறு பேர். மீஹூன் பக்கம் நூறு பேர். நடுவில் காலி நாற்காலி. சித்தருக்கு மாலை போட வந்த ரோலண்ட் மின்விசிறிக்குக் கீழே நின்றார். அவர் மனைவி மீஹூனுக்குப் பக்கத்தில் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையை இங்கே எழுத முடியாது.

"பார்த்தீங்களா?" என்றார் சித்தர். குரல் ஆடவில்லை, அதற்கும் திறமை வேண்டும். "அவங்கவங்க நட்சத்திரத்துக்குத் தக்கபடி வாக்கு வரும்."

"ஒரே பங்கு, ஒரே திங்கக்கெழமை. அஸ்வினிக்கு ஏறி பரணிக்கு இறங்குமா சாமி? சரி, நட்சத்திரத்த விடுங்க. எல்லாரும் ரசீத எடுத்து நம்பரப் பாருங்க. மின்விசிறிப் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒத்தப்படை. மீஹூன் பக்கம் ரெட்டப்படை. தப்பா இருந்தா கையத் தூக்குங்க."

இருநூறு பேர் கைப்பேசியைக் குனிந்து பார்த்தார்கள். ஒரு கைகூட உயரவில்லை.

வாசலருகில் ரசீது மேசையில் இருந்த, சித்தரிடம் வேலை செய்யும் ஷர்மைன்தான் முதலில் பேசினாள். அவள் கிராம்பு வைத்துக்கொள்ளவில்லை. "என்னய ஏன் எல்லாரும் பாக்குறீங்க? சார்தான் சொன்னாரு, ஒத்தப்படைக்கு ஏறும், ரெட்டப்படைக்கு இறங்கும்னு அனுப்புன்னு. நான் பகுதிநேர வேலைலா. ஒரு மணிக்குப் பத்து வெள்ளி."

ஐயாசாமி மெல்ல எழுந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"எனக்கு மூணு தடவை பலிச்சிச்சே புஷ்பா?"

"ஏங்க, எரநூறு பேருல எப்படியும் நூறு பேருக்கு மொதத் தடவை பலிக்கும். அதுல அம்பது பேருக்கு ரெண்டாவது தடவையும் பலிக்கும். மூணாவதுக்கு இருபத்தஞ்சு பேரு மிஞ்சுவாங்க. அதுல நீங்க ஒருத்தரு. பலிக்காத மத்தவங்க எழுதுனதெல்லாம் கில்பர்ட் அண்ணன் குப்பையில கெடந்துச்சு. அவங்க ரசீதப் பாத்தா ஒரு வாரம் பூரா ஒத்தப்படை, இன்னொரு வாரம் பூரா ரெட்டப்படை. யாருக்கு மூணு தடவை பலிக்குதோ அவங்க காசுதான் இவருக்கு வேணும்."

மண்டபம் என் பக்கம் திரும்பியது. மேசைக்கு அடியில் போக இடம் இருந்தால் போயிருப்பேன். "உண்மைதான்," என்றேன். "நான்தான் நீக்குனேன். தப்பு."

ஐயாசாமி கிராம்பைத் துப்பினார். "முப்பது வருசம்யா!" என்று கத்தினார். சட்டைப் பையிலிருந்த காசோலையை எடுத்து, சித்தரின் நீட்டிய கையைத் தாண்டி, புஷ்பவள்ளியின் கையில் வைத்தார். எல்லார் முன்னாலும் அழுதார். வெட்கப்படவில்லை, அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

அடுத்த நொடியே இருநூறு வாயும் திறந்தன. கிராம்பு மழை. ரோலண்ட் மாலையைக் கீழே போட்டுவிட்டு மேடைக்கு அருகில் போய் உற்றுப் பார்த்தார். "டேய், இவன் குளுவாங்ல எனக்குத் தண்ணி வடிகட்டி வித்த லெட்சுமணன்டா! ஒரே வாரத்துல ஒழுகுச்சு!" சித்தர் ருத்ராட்சத்தைப் பிடித்துக்கொண்டு சமையலறை வழியாக ஓடப் பார்த்தார். அங்கே சமையல்காரருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை. அவர் கரண்டியோடு வழி மறித்தார். போலீஸ் வரும் வரை காளைச் சித்தர் மீஹூன் சட்டிக்குப் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தார்.

இத்தோடு நாடு திருந்திவிட்டது என்று நினைத்தேன். வெளியே வரும்போது ரோலண்ட் புஷ்பவள்ளியைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒரு சந்தேகம். எப்பவும் ஒத்தப்படை ரசீதே கெடைக்கணும்னா எந்தக் கோயிலுக்குப் போகணும்?"

புஷ்பவள்ளி கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காடிக் கதவைத் திறந்து ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை அந்தச் செம்பனைப் பங்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை இருந்த விலையிலேயே நின்றது.

நூற்று நாற்பது புகாரையும் மீட்டு மன்றத்தின் முகப்பில் போட்டேன். என் மன்னிப்பையும் சேர்த்துப் போட்டேன். பிறகு, அனுமதிக்குக் காத்திருந்த கேள்விகளைத் திறந்தேன். இருபத்து மூன்று. அவற்றில் இருபத்திரண்டு ஒரே ரகம்: சித்தர் போய்விட்டார், வேறு நல்ல ஆள் யாராவது இருக்கிறார்களா?

இருபத்து மூன்றாவது ஐயாசாமி எழுதியது. "ஒரு கம்பெனி நிஜமா லாபம் சம்பாதிக்குதான்னு நானே பாக்கணும்னா எதப் படிக்கணும்? வீடு வாங்கின பெறகு மிச்சம் இருந்தாத்தான். அவசரம் இல்ல."

அதை மட்டும் அனுமதித்து, எனக்குத் தெரிந்ததை ஒரு பக்கம் எழுதினேன். மற்ற இருபத்திரண்டு பேருக்கும் ஒரே பதில் அனுப்பினேன்: "இருக்கிறார். உங்கள் கழுத்துக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறார். பிறந்ததிலிருந்து ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவரைச் சும்மா வைத்திருக்கிறீர்கள். இன்றைக்காவது கேட்டுப் பாருங்கள். யோசிப்பதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை."